அறம் யாருக்குப் பதில் சொல்கிறது?



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கான அழைப்புக் கடிதத்தில் இரண்டு வேண்டுகோள்கள் இருந்தன. பேச்சு தத்துவம் படிக்காதவர்களுக்கும் விளங்க வேண்டும். பேசுபவர் தம் கட்சி எது என்று சொல்லிவிடவும் வேண்டும். இரண்டாவதுதான் கடினம். நாலு தரப்பையும் வரிசையாக எடுத்து வைத்துவிட்டு, மேலும் ஆராய வேண்டிய விஷயம் என்று நழுவிக்கொள்வது எங்கள் துறையில் ஊறிப்போன பழக்கம். இன்றைக்கு அப்படி நழுவாமல் இருக்கப் பார்க்கிறேன்.

அறத்தின் அடிப்படை பற்றிப் பேசும் பாடநூல்கள் பெரும்பாலும் பிளேட்டோவின் ‘யூதிஃப்ரோ’ உரையாடலில்தான் தொடங்கும். நானும் அங்கேதான் தொடங்குகிறேன். ஆனால் பாடநூல்கள் தாண்டிப் போய்விடும் ஓர் ஆளுக்காக. கி.மு. 399. தம் மீது போடப்பட்ட வழக்குக்காக ஏதென்ஸில் நீதிமன்ற வாசலுக்கு வந்திருக்கும் சாக்ரட்டீஸ் அங்கே யூதிஃப்ரோவைச் சந்திக்கிறார். யூதிஃப்ரோ வந்திருப்பது சொந்தத் தகப்பனார் மீது கொலை வழக்குப் போட. நாக்சோஸ் தீவில் அந்தக் குடும்பம் பயிர் செய்துகொண்டிருந்தபோது, அவர்களிடம் வேலை பார்த்த கூலியாள் ஒருவன் குடிவெறியில் வீட்டு அடிமை ஒருவனின் கழுத்தை அறுத்துவிட்டான். தகப்பனார் அவனைக் கைகால் கட்டிப் பள்ளத்தில் தள்ளிவிட்டு, இவனை என்ன செய்வது என்று சமய விதி அறிந்தவரிடம் கேட்டுவர ஏதென்ஸுக்கு ஆளனுப்பினார். போனவன் திரும்பி வருவதற்குள் பசியும் குளிரும் கட்டும் சேர்ந்து கூலியாளைக் கொன்றுவிட்டன.

செத்தவன் உங்கள் சொந்தக்காரனாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார் சாக்ரட்டீஸ். வேற்றாளுக்காக யாராவது தகப்பன் மீது வழக்குத் தொடுப்பார்களா? உறவா அந்நியனா என்று பார்ப்பதே வேடிக்கை, கொன்றது நியாயமா இல்லையா என்பதுதான் பேச்சு என்று யூதிஃப்ரோ பதில் சொல்கிறார். பிறகு உரையாடல் புனிதம் என்றால் என்ன என்ற வரையறைக்குள் போய்விடுகிறது. புகழ்பெற்ற அந்தக் கேள்வி அங்கேதான் வருகிறது: தெய்வங்கள் விரும்புவதால் ஒன்று புனிதமாகிறதா, புனிதமாக இருப்பதால் தெய்வங்கள் அதை விரும்புகின்றனவா? பள்ளத்தில் செத்த கூலியாள் ஓரிரு இடங்களில் உதாரணமாக வந்து போகிறான். அவன் தரப்பில் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று இருவருமே கேட்பதில்லை.

இந்த மறதி தற்செயலானது என்று நான் நினைக்கவில்லை. அதைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்தக் கேள்வியின் இரண்டு கிளைகள். தெய்வம் விரும்புவதால்தான் நல்லது நல்லதாகிறது என்றால், நாளைக்கே தெய்வம் கொடுமையை விரும்பினால் கொடுமையும் நல்லதாகிவிடும். தெய்வத்தின் இடத்தில் அரசனையோ மரபையோ பெரும்பான்மையையோ வைத்தாலும் சங்கடம் அதேதான். இரண்டாவது கிளைப்படி நல்லது யாருடைய விருப்பத்தையும் சாராமல் தானாகவே இருக்கிறது. அப்படியானால் அது எங்கே இருக்கிறது, நமக்கு எப்படித் தெரிகிறது? ஜி.இ. மூர் 1903இல், நன்மை என்பது இயற்கைப் பண்புகள் எதிலும் அடங்காத எளிய பண்பு, அதை நேரடியாக உணரத்தான் முடியும் என்றார். ஜே.எல். மாக்கி 1977இல் இதை மடக்கினார். பார்த்த மாத்திரத்தில் ‘இதைச் செய்’ என்று நம்மை இழுக்கும் பண்பு ஒன்று உலகத்தில் இருந்தால், அது நமக்குத் தெரிந்த வேறு எதைப் போலவும் இல்லாத விசித்திரப் பொருளாக இருக்க வேண்டும். அதைக் கண்டறிய நமக்கு விசித்திரமான ஒரு புலனும் வேண்டும். இரண்டுமே இல்லை என்பதால், நம் அறக்கூற்றுகள் மெய்யென்று கோருபவை அனைத்தும் பிழை என்று அவர் முடித்தார்.

இந்த இரண்டு கிளைகளுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு என்பவர்கள்தான் கட்டமைப்புவாதிகள். நம் இலக்கிய விமர்சனத்தில் அடிபட்ட அமைப்பியலுக்கும் இதற்கும் உறவில்லை. ‘எல்லாமே சமூகம் கட்டிவைத்தது, அதனால் எதுவும் உண்மையில்லை’ என்ற பேச்சும் இதுவல்ல. இவர்கள் அற உண்மைகள் உண்டு என்கிறார்கள். அவை யோசிப்பதற்கு முன்பே எங்கோ கிடந்து, நாம் போய்க் கண்டெடுப்பவை என்பதை மட்டும் மறுக்கிறார்கள். சரியான இடத்தில் நின்று சரியான முறையில் யோசித்தால் எந்த முடிவு கிடைக்குமோ அதுதான் சரி; அந்த முடிவு சரியா என்று ஒத்துப்பார்க்க அதற்கு அப்பால் வேறு எதுவும் கிடையாது.

இதற்குப் பெயர் நிலைத்ததே ஒரு நினைவுச் சொற்பொழிவில்தான். 1980 ஏப்ரலில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், ஜான் டூயி பெயரிலான வரிசையில், ஜான் ரால்ஸ் மூன்று உரைகள் ஆற்றினார். அறக்கோட்பாட்டில் காண்ட் வழிக் கட்டமைப்புவாதம் என்பது தலைப்பு. அடுத்த பெரிய திருப்பமும் 1992இல் கேம்பிரிட்ஜில் கிறிஸ்டீன் கோர்ஸ்கார்ட் ஆற்றிய டானர் சொற்பொழிவுகளில் நடந்தது. அறக்கட்டளைப் பேச்சுகளால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர்களிடம் நிர்வாகிகள் இதைச் சொல்லிக்கொள்ளலாம்.

முடிவு சரியா என்று முறையே தீர்மானிக்கிறது என்றால் என்ன பொருள்? ரால்ஸ் தம் 1971ஆம் ஆண்டு நூலான ‘நீதிக் கோட்பாட்டில்’ மூன்று நிலைமைகளைப் பிரித்துக் காட்டுகிறார். சிலர் கூடி ஒரு கேக்கைப் பங்கிட வேண்டும். சமபங்குதான் நியாயம் என்பது முன்கூட்டியே தெரியும். வெட்டுபவர் கடைசியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வைத்தால் அது கிடைத்தும் விடும். இரண்டாவது குற்ற வழக்கு. குற்றம் செய்தவர் மட்டும் தண்டிக்கப்படுவதே சரியான முடிவு என்று தெரியும், ஆனால் அதை உறுதிசெய்யும் விசாரணை முறை எதுவும் இல்லை. மூன்றாவது, நேர்மையாக நடக்கும் பந்தய ஆட்டம். ஆட்டத்தின் முடிவில் யார் கையில் எவ்வளவு இருந்தாலும் அது நியாயம்தான். யாரிடம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்லும் தனி அளவுகோல் அங்கே இல்லை. அறத்தை ஒரு குற்ற வழக்கு மாதிரி பார்ப்பவர் மெய்மைவாதி: உண்மை ஏற்கெனவே இருக்கிறது, நம் யோசனை அதைத் தேடுகிறது, தவறவும் விடுகிறது. கட்டமைப்புவாதி அறத்தை மூன்றாவது வகையில் சேர்க்கிறார்.

அறத்தைப் பந்தயத்தோடு சேர்த்துப் பேசினால் நம் ஊரில் முகம் சுளிப்பார்கள். தருமன் சூதாடிய சபை நினைவுக்கு வரும். வரட்டும், அது நல்ல உதாரணம். சகுனியின் காய்கள் நேர்மையானவை அல்ல, ஆகவே ரால்ஸின் மூன்றாவது வகையில் அந்த ஆட்டம் சேராது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் காய்கள் நேர்மையாகவே உருண்டிருந்தால்? விதிப்படி வைத்த பந்தயம், விதிப்படி தோற்றாயிற்று என்று பாஞ்சாலியை இழுத்துவந்தது சரியாகிவிடுமா? அவள் சபையில் எழுப்பிய கேள்வி காயைப் பற்றியதல்ல. தன்னைத் தோற்ற பிறகு என்னை வைக்க அவருக்கு என்ன உரிமை என்று, அந்த ஆட்டத்துக்குள் எது பொருளாக வைக்கப்படலாம் என்பதையே கேட்டாள். பீஷ்மர் தருமம் நுட்பமானது என்று சொல்லிப் பதில் தராமல் விட்டுவிட்டார். கட்டமைப்புவாதத்தின் முழுச் சிக்கலும் அந்தக் கேள்வியில் இருக்கிறது. முறை முடிவைத் தீர்மானிக்கலாம். முறைக்குள் யார் ஆட்டக்காரர், யார் பணயம் என்பதை எது தீர்மானிக்கிறது?

ரால்ஸின் பதில் உங்களில் பலருக்குத் தெரிந்ததே. சமூகத்தின் அடிப்படை விதிகளை வகுக்க ஒரு கூட்டம் கூடுகிறது என்று கற்பனை செய்வோம். கூடியவர்களுக்குத் தாம் ஏழையா பணக்காரரா, திறமைசாலியா, எந்த மதம், எதை நல்ல வாழ்க்கை என்று நினைப்பவர் என்பது எதுவும் தெரியாது. அறியாமைத் திரை மறைத்திருக்கிறது. தன் நிலை தெரியாதவர் தனக்குச் சாதகமாக விதி போட முடியாது. இங்கே அவர்கள் எதை ஒப்புக்கொள்கிறார்களோ அதுவே நீதி. அடிப்படைச் சுதந்திரங்கள் எல்லோருக்கும் சமம் என்பதும், ஏற்றத்தாழ்வு இருந்தால் அது அடிமட்டத்தில் இருப்பவருக்கு அதிகபட்ச நன்மை தர வேண்டும் என்பதும் அவர்கள் தேர்வாக இருக்கும் என்றார்.

வாழ்க்கை வரலாற்றிலிருந்து ஒருவரின் தத்துவத்தை வருவிப்பது சோம்பேறி வேலை. ஆனாலும் ரால்ஸ் விஷயத்தில் அந்த ஆசையை அடக்குவது கடினம். 1921இல் பால்ட்டிமோரில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது அவரிடமிருந்து தொற்றிய நோயால் தம்பி ஒருவன் 1928இல் இறந்தான், இன்னொரு தம்பி 1929இல். அவர் பிழைத்துக்கொண்டார். பிறகு பசிபிக் போரில் காலாட்படை வீரராகப் போய், 1945இல் ஹிரோஷிமாவின் இடிபாடுகள் வழியாக ரயிலில் கடந்தார். யார் எந்த நிலையில் பிறக்கிறார், யார் பிழைக்கிறார் என்பதில் தகுதி என்று ஏதும் இல்லை என்ற எண்ணம் அவர் நூல் முழுக்க ஓடுகிறது. அது எங்கிருந்து வந்தது என்பதை அவரவர் ஊகத்துக்கு விட்டுவிடுகிறேன்.

நான் நிற்க விரும்பும் இடம் வேறு. ஏறத்தாழ இதே கருவியை ரால்ஸுக்கு முன்பே 1950களில் பொருளியலாளர் ஜான் ஹர்சானி கையாண்டிருந்தார். சமூகத்தில் எந்த இடமும் தனக்குச் சம வாய்ப்பில் கிடைக்கலாம் என்று எண்ணி ஒருவர் தேர்ந்தெடுத்தால் எதைத் தேர்வார்? சராசரி நலனை உச்சமாக்கும் ஏற்பாட்டைத்தான் என்பது ஹர்சானியின் விடை. அடிமட்டத்தில் இருப்பவர் நிலையே முதல் கவலை என்றார் ரால்ஸ். ஏறத்தாழ ஒரே திரைக்குப் பின்னால் இருந்து எல்லோர் நலனையும் கூட்டிப் பார்த்துச் சரி தவறு சொல்லும் பயன்பாட்டுவாதமும் அதை எதிர்க்கவே எழுதப்பட்ட கோட்பாடும் வெளியே வருகின்றன. வேறுபாடு எங்கே? திரைக்குப் பின்னால் நிற்பவருக்கு எந்த அளவு துணிச்சலும் எந்த அளவு தகவலும் கொடுத்து அனுப்புகிறோம் என்பதில். உள்ளே போட்டதுதான் வெளியே வருகிறது என்றால் கட்டியது எது, கொண்டுவந்தது எது?

ரால்ஸ் இதை மறைக்கவில்லை. 1993இல் வந்த ‘அரசியல் தாராளவாதம்’ நூலில், எல்லாமே கட்டப்படுவதில்லை, தொடங்குவதற்குப் பொருள் வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். மனிதர்கள் சுதந்திரமானவர்கள், சமமானவர்கள், அறவுணர்வுக்குத் திறன் உள்ளவர்கள் என்பது கட்டடத்தின் முடிவல்ல, அதற்குள் கொண்டுவந்து வைத்த பொருள். மக்களாட்சிப் பண்பாட்டில் வாழ்கிறவர்கள் ஏற்கெனவே தம்மைப் பற்றி வைத்திருக்கும் எண்ணம் அது. அப்படி ஒரு பண்பாடு இல்லாத இடத்தில்? இருந்தும் பாதிப்பேருக்கு மட்டும் இருக்கும் இடத்தில்?

சூசன் மோலர் ஓக்கின் 1989இல் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். 1971ஆம் ஆண்டு நூலில் திரை மறைக்கும் விஷயங்களின் பட்டியலில் ஆணா பெண்ணா என்பது வெளிப்படையாக இல்லை. கூட்டத்தில் இருப்பவர்கள் குடும்பத் தலைவர்களாகக் கருதப்படுகிறார்கள். குடும்பத்துக்குள் நடப்பது நியாயமா என்ற கேள்வி அதனால் வாசலிலேயே நின்றுவிடுகிறது. ரால்ஸ் பிறகு பட்டியலை விரித்தார். சார்ல்ஸ் மில்ஸ் 1997இல் இன்னும் கடுமையாகப் போனார்: நவீன உலகில் உண்மையாகவே நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் வெள்ளையர்கள் தங்களுக்குள் மற்றவர்களைப் பற்றிச் செய்துகொண்ட ஒப்பந்தம்தான். அதைத் திரையிட்டு மறைத்துவிட்டு இலட்சியச் சமூகத்துக்கு விதி எழுதுவது, நடந்த அநியாயத்தைக் கணக்கிலிருந்தே நீக்குவதாகும். சாதி தெரிந்த நமக்கு இந்த வாதத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. திரைக்குப் பின்னால் சாதி தெரியாது என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் திரைக்கு வெளியே எதைச் சரிசெய்ய வேண்டும் என்ற பட்டியல் திரைக்கு உள்ளே நிற்பவரிடம் கிடைக்காது.

அம்பேத்கர் 1913இலிருந்து 1916 வரை கொலம்பியாவில் படித்தவர், டூயியின் மாணவர். 1936இல் லாகூரில் பேசுவதற்காக அவர் எழுதிய உரை, அழைத்தவர்களுக்கே ஒவ்வாமல் போனதால் பேசப்படாமலே அச்சானது. பெரியார் அதை ‘ஜாதியை ஒழிக்க வழி’ என்று தமிழில் வெளியிட்டார். அதில் விதிக்கும் கொள்கைக்கும் அம்பேத்கர் காட்டும் வேறுபாடு இங்கே பொருந்தும். விதி இதைச் செய், அதைச் செய்யாதே என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். கொள்கை எடைபோட்டுப் பார்க்கும் பொறுப்பை நம்மிடம் தரும். பொறுப்பு இல்லாத இடத்தில் கீழ்ப்படிதல் உண்டு, அறம் கிடையாது. இது காண்ட் 1785இல் சொன்னதற்கு வெகு அருகில் வருகிறது: வெளியிலிருந்து வந்த கட்டளை, அது தெய்வத்தினுடையதாகவே இருந்தாலும், என் அறிவு அதைத் தனக்கான சட்டமாக ஏற்கும் வரை எனக்கு அறமாகாது.

காண்டின் இந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு மிக உயரம் ஏறிப் பார்த்தவர் கோர்ஸ்கார்ட். ரால்ஸ் பண்பாட்டிலிருந்து எடுத்துக்கொண்டதைத் தாம் செயலின் இயல்பிலிருந்தே வருவிக்கிறேன் என்றார். நாம் எதைச் செய்தாலும் ஏதோ ஓர் அடையாளத்தில் நின்று செய்கிறோம்: தாயாக, ஆசிரியராக, இந்த ஊர்க்காரராக. அந்த அடையாளம்தான் காரணங்களைத் தருகிறது. ஏன் அடையாளங்களுக்கு மதிப்புத் தருகிறோம் என்று கேட்டுக்கொண்டே போனால், காரணம் தேவைப்படும் உயிரியாக, மனிதராக, நம்மை மதிக்கிறோம் என்ற இடத்துக்கு வருவோம். என் மனிதத்தன்மையை மதித்தால் உங்களுடையதையும் மதிக்க வேண்டும். கேட்கும்போது மெய்சிலிர்க்கும் வாதம். அதே மேடையில் எதிருரை ஆற்றிய ஜி.ஏ. கோஹன் மாஃபியாக்காரன் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவனுக்கும் அடையாளம் உண்டு, கட்டுப்பாடு உண்டு, சொன்ன சொல் தவறாத கௌரவம் உண்டு. தனக்குத் தானே விதித்துக்கொண்ட சட்டப்படிதான் ஆளைக் கொல்கிறான். அந்தச் சட்டம் அவனைக் கட்டுப்படுத்தவில்லை என்று எப்படிச் சொல்வது? டேவிட் ஈனோக் 2006இல் இன்னொரு ஆணி அடித்தார்: செயல்படுபவராக இருக்க அறம் தேவை என்றே வைத்துக்கொள்வோம், அந்தச் செயல்படுபவராக நான் ஏன் இருக்க வேண்டும் என்று ஒருவன் கேட்டால்?

அதே 2006இல் ஷாரன் ஸ்ட்ரீட் மெய்மைவாதிகளுக்கு எதிராக ஒரு வாதத்தை வைத்தார். குழந்தையைப் பேணுவது நல்லது, உதவியவனுக்கு உதவுவது நல்லது என்பன போன்ற நம் மதிப்பீடுகளின் அடித்தளத்தை இயற்கைத் தேர்வு வடித்திருக்கிறது. தேனீக்கள் போல வளர்க்கப்பட்டிருந்தால் நம் பெண்கள் சகோதரர்களைக் கொல்வதைப் புனிதக் கடமையாக நினைத்திருப்பார்கள் என்று டார்வினே 1871இல் எழுதியிருக்கிறார். நம்மைச் சாராத அற உண்மைகள் எங்கோ இருக்கின்றன என்றால், பிழைத்திருப்பதற்காக உருவான நம் மதிப்பீடுகள் அவற்றோடு ஒத்துப்போவது நம்ப முடியாத தற்செயல். அந்த உண்மைகளைக் கண்டுகொண்டவர்கள்தான் பிழைத்தார்கள் என்று சொன்னால் அது மோசமான உயிரியல். ஆகவே மதிப்பு என்பது மதிப்பிடும் உயிர்களிடமிருந்தே வருகிறது என்று ஸ்ட்ரீட் முடிவு செய்கிறார். கோர்ஸ்கார்டைப் போல இதிலிருந்து எல்லோருக்கும் பொதுவான அறம் வரும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. முரண்பாடு ஏதுமின்றிச் சித்திரவதையையே விரும்பும், ரோமப் பேரரசன் கலிகுலா போன்ற ஒருவன் இருந்தால், அவன் பார்வையில் நின்று அவன் செய்வதில் பிழையில்லை. அவனை வெறுக்கலாம், தடுக்கலாம், சிறையிலிடலாம். உன் கணக்குத் தப்பு என்று மட்டும் சொல்ல முடியாது.

ஸ்ட்ரீட்டின் இந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். பலர் இதைப் படித்துவிட்டு, அறத்துக்கு அடிப்படையே போயிற்று என்று பதறுகிறார்கள். என் கட்சியைச் சொல்ல வேண்டிய இடம் இதுதான்.

கலிகுலாவை ஒப்புக்கொள்ளவைக்க முடியாவிட்டால் அறத்துக்கு அடிப்படை இல்லை என்று நமக்கு யார் சொன்னது? பிளேட்டோவின் ‘குடியரசில்’ கிளௌகோன், யார் கண்ணிலும் படாமல் செய்யும் மோதிரம் கிடைத்தவன் ஏன் நேர்மையாக இருக்க வேண்டும் என்று கேட்ட நாளிலிருந்து, அற அடிப்படை என்பது அநியாயம் செய்பவனின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய பதிலாகவே இருந்துவருகிறது. அவனுக்குக் கட்டுப்படியாகும்படி, அவன் நலனிலிருந்தோ அவன் அறிவிலிருந்தோ, ஒரு காரணம் தேடித் தர வேண்டும் என்று இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளாகத் தத்துவம் அவனிடம் மன்றாடிக்கொண்டிருக்கிறது. இந்தத் தேடலே ஒரு பிழையின் மேல் நிற்கிறதோ என்று எச்.ஏ. பிரிச்சர்ட் 1912இலேயே சந்தேகப்பட்டார். அவர் மெய்மைவாதக் கட்சி; கடமை நேரே புலப்படும், காரணம் கேட்காதே என்பது அவர் நிலை. எனக்கு அந்த முடிவு வேண்டாம், சந்தேகம் போதும்.

நியாயம் சொல்ல வேண்டிய கடன் யாரிடம் இருக்கிறது? சித்திரவதை செய்பவனிடம் நமக்கு எந்தக் கடனும் இல்லை. சித்திரவதைக்கு ஆளாகிறவளிடம்தான் இருக்கிறது. ஒரு செயலையோ ஏற்பாட்டையோ, அதன் சுமையைத் தாங்கப்போகிறவர் முன்னால் வைத்து, இதற்கு உன்னால் நியாயமாக மறுப்புச் சொல்ல முடியுமா என்று கேட்பதே அறம் கட்டப்படும் இடம் என்று நான் கருதுகிறேன். பாஞ்சாலியின் கேள்விக்குத் துரியோதனன் மசியாதது அந்தக் கேள்வியின் குறை ஆகாது. சபை அவளுக்குப் பதில் சொல்லக் கடன்பட்டிருந்தது, சொல்ல முடியவில்லை. அங்கே அநியாயம் நடந்தது என்பதற்கு இதற்குமேல் என்ன வேண்டும்? யூதிஃப்ரோவின் கூலியாளைக் கேள்விக்குள் கொண்டுவராமல் புனிதத்தை வரையறுக்கப் போனதால்தான் அந்த உரையாடல் முடிவில்லாமல் முடிந்தது என்றும் நான் சொல்வேன். பிளேட்டோ அறிஞர்கள் பொறுத்தருள்க.

இந்தப் பார்வைக்கு மிக அருகில் வருபவர் டி.எம். ஸ்கான்லன். 1982இல் ஒரு கட்டுரையிலும் 1998இல் ‘நாம் ஒருவருக்கொருவர் பட்ட கடன்’ என்ற பொருளில் தலைப்பிட்ட நூலிலும் அவர் சொன்னது இது: யாராலும் நியாயமாக நிராகரிக்க முடியாத கொள்கைகள் எவையோ, அவை தடுக்கும் செயல் தவறு. இதில் திரை இல்லை. ஒவ்வொருவரும் தம் நிலை தெரிந்தே, தம் குரலில் மறுப்புச் சொல்கிறார். அவருடைய உதாரணம் ஒன்று. தொலைக்காட்சி நிலையத்தின் ஒளிபரப்பி அறையில் ஜோன்ஸ் என்பவர் மீது கருவி விழுந்து கை நசுங்கிக் கிடக்கிறது, மின்னதிர்ச்சி வேறு. அவரை மீட்க வேண்டுமென்றால் ஒளிபரப்பை 15 நிமிடம் நிறுத்த வேண்டும். உலகக் கோப்பை ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது, முடிய இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். பார்ப்பவர்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனால் ஏதோ ஒரு புள்ளியில் அவர்களின் இன்பம் ஜோன்ஸின் வலியை மிஞ்சிவிடும் என்று பயன்பாட்டுவாதி கணக்குப் போட வேண்டியிருக்கும். ஸ்கான்லனில் கூட்டல் இல்லை. ஜோன்ஸின் மறுப்பை எதிர்த்து நிற்க வேண்டியது ஒரு பார்வையாளரின் மறுப்பு, பிறகு இன்னொருவரின் மறுப்பு. பதினைந்து நிமிட ஆட்டத்தைத் தவறவிட்டதை ஜோன்ஸ் முன்னால் நின்று முறையிட யாருக்கு வாய் வரும்?

இதற்குள்ளும் பழைய சங்கடம் முளைக்கும். நிராகரிக்கத்தக்கதால் தவறா, தவறு என்பதால் நிராகரிக்கிறோமா? மின்னதிர்ச்சியில் துடிப்பது கெட்டது என்பது ஜோன்ஸ் வாய் திறப்பதற்கு முன்பே தெரியுமே, பிறகு இந்தச் சுற்றுவழி எதற்கு என்று பலர் கேட்டிருக்கிறார்கள். வலி கெட்டது என்பது வேறு, எனக்கு அநியாயம் நடந்தது என்பது வேறு என்பதே என் பதில். பல் மருத்துவர் நாற்காலியிலும் வலிக்கிறது. வலியை அநியாயமாக்குவது, அதைத் தாங்குபவருக்குச் சொல்லக்கூடிய நியாயம் எதுவும் இல்லாமல் போவதுதான். கூட்டல் விஷயத்தில் ஸ்கான்லனுக்கு உண்மையான இடர்ப்பாடு உண்டு. ஐவர் மூழ்கும் பாறையும் ஒருவர் மூழ்கும் பாறையும் இருந்தால் படகு எங்கே போக வேண்டும்? ஒவ்வொருவரின் மறுப்பும் சமம்தான். ஆனாலும் ஐவரிடம் போக வேண்டும் என்றே நமக்குத் தோன்றுகிறது. அவர் தந்த விளக்கம் எனக்கு நிறைவளிக்கவில்லை.

கோட்பாட்டை விட்டு நடந்த ஒன்றுக்கு வருகிறேன். 1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. பொதுச்சபை உலக மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. ஆதரவு 48, எதிர்ப்பு இல்லை, வாக்களிக்காமல் விலகியவை 8. வரைவின்போது, மனிதன் தெய்வச் சாயலில் படைக்கப்பட்டவன் என்று சேர்க்க பிரேசில் தரப்பு விரும்பியது. சீனாவின் பி.சி. சாங், உலக மக்களில் பெரும்பகுதி ஏற்காத அடிப்படையை எல்லோருக்குமான ஆவணத்தில் எழுதக்கூடாது என்று வாதாட, அது கைவிடப்பட்டது. உரிமைகள் ‘இயற்கையால்’ வந்தவை என்ற சொல்லும் நீக்கப்பட்டது. இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தா, ஆண்களை மட்டும் குறிப்பதாகப் படிக்க இடம் தந்த தொடரை ‘மனிதர்கள் அனைவரும்’ என்று மாற்றவைத்தார். உரிமைகளின் பட்டியலில் உடன்பாடு, ஏன் என்று கேட்டால் உடன்பாடில்லை என்று அந்த நாட்களின் நிலைமையைப் பற்றி ஜாக் மாரித்தேன் எழுதினார்.

அடிப்படை இல்லாமல் அறம் எழுந்து நின்றதற்கு இதைச் சான்றாகக் காட்டுவார்கள். பாதி சரி. பேரம் பேசி எட்டிய உடன்பாடு வேறு, நியாயம் வேறு. அன்றைக்கு ஐ.நா.வில் 58 நாடுகள். ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி இன்னொருவர் ஆட்சியில். விலகி நின்ற எட்டில் ஒன்று தென்னாப்பிரிக்கா. அதே ஆண்டு மே மாதம்தான் இனஒதுக்கலை வாக்குறுதியாக வைத்த கட்சி அங்கே ஆட்சிக்கு வந்திருந்தது. அவைக்கு வந்த பிரதிநிதி அந்த அரசின் ஆள். மறுப்புச் சொல்ல மிகுந்த காரணம் உடைய கறுப்பினப் பெரும்பான்மைக்கு அங்கே இருக்கை இல்லை. ஆனால் பிரகடனத்தின் சொற்களைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாளில் அந்த ஆட்சியைக் கேள்வி கேட்டவர்களில் அவர்கள் முன்னால் நின்றார்கள். எழுதியவர்களின் உடன்பாட்டைவிட, எழுதும்போது அவையில் இல்லாதவர்கள் பிறகு வந்து அதன் பெயரால் மறுப்புச் சொல்ல முடிந்ததே அந்த ஆவணத்தின் வலு என்று எனக்குத் தோன்றுகிறது.

வந்து கேட்கவே முடியாதவர்கள் விஷயத்தில் என் கட்சி தடுமாறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். விலங்குகள், கடுமையான மனக்குறைபாடு உடையவர்கள், இன்னும் பிறக்காதவர்கள். அவர்கள் சார்பில் ஓர் அறங்காவலர் மறுப்புச் சொல்வதாகக் கருதலாம் என்று ஸ்கான்லன் ஒரு வழி சொன்னார். பிறக்காதவர்களை எடுத்துக்கொள்வோம். ஃபின்லாந்தில் ஓல்கிலுவோட்டோ என்ற இடத்தில் அணுவுலைக் கழிவைப் புதைக்கப் பாறைக்குள் சுரங்கம் குடைந்திருக்கிறார்கள். ஒரு லட்சம் ஆண்டு அது பத்திரமாக இருக்க வேண்டும் என்பது திட்டம். மறுக்கும் உரிமை சட்டப்படி அந்த வட்டார நகராட்சிக்கு இருந்தது, அது ஒப்புக்கொண்டது, நாடாளுமன்றம் 2001இல் அனுமதித்தது. இன்று உயிரோடிருப்பவர்களைப் பொறுத்தவரை இதைவிட நல்ல முறையைக் காட்டுவது கடினம். கேட்கப்படாதவர்கள் மூவாயிரம் தலைமுறைக்கு மேல். அவர்களில் யார் பிறப்பார் என்பதே இன்றைய முடிவுகளைப் பொறுத்தது என்று டெரெக் பார்ஃபிட் 1984இல் ஒரு முடிச்சுப் போட்டார்: வேறு முடிவு எடுத்திருந்தால் அந்த ஆளே பிறந்திருக்க மாட்டார், பிறகு அவர் எதைக் குறித்து முறையிடுவார்?

இந்த முடிச்சை அவிழ்க்க, மறுப்புச் சொல்லும் உரிமையை இன்னார் என்று பெயர் சொல்ல முடிந்த ஆளிடமிருந்து பிரித்து, அந்தக் காலத்தில் அந்தப் பாறை மேல் யார் வாழ்ந்தாலும் அந்த இடத்துக்கு உரியதாக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வாடகைக்கு யார் குடிவரப்போகிறார் என்று தெரியாமலே படிக்கட்டுக்குக் கைப்பிடி வைக்கக் கடமைப்பட்டிருக்கும் வீட்டுக்காரரின் நிலைதான் இது. ஆனால் அப்படிச் செய்யும்போது, எந்த உயிருக்கும் நோவும் சாவும் சுமைதான் என்பதை யாரையும் கேட்காமலே நான் முன்கூட்டி எடுத்துக்கொள்கிறேன். அதை எந்த முறையும் எனக்குக் கட்டித் தரவில்லை. மெய்மைவாதிகள் இங்கே சிரிப்பார்கள். அவ்வளவு மட்டும் அவர்களிடம் கடன் வாங்க நான் தயார். மீதியில், அந்தச் சுமையை யார் மீது ஏற்றலாம், எவ்வளவு, என்ன காரணம் சொல்லி என்பதில், அவர்களிடம் வாங்குவதற்கு எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கேள்வி நேரத்தில் யாராவது காட்டினால் கேட்டுக்கொள்கிறேன்.